உங்களுக்குத் தெரியுமா? கேத்தல் அடியில் படியும் வெள்ளை

புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுப் பக்கம் யார் வீட்டிலாவது தேநீர் குடிக்கப் போனால், கேத்தலின் அடியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெள்ளையாக, ஓடு மாதிரி ஒரு படை இருக்கும். அது சுண்ணாம்பு. நிலத்தடியில் கிடக்கும் கல்தான் கரைந்து கிணற்று வழியாக வீட்டுக்குள் வந்து, அடுப்பில் ஏறி, மறுபடியும் கல்லாகிறது. இந்தப் பத்தியில் வரும் பெரும்பாலான சங்கதிகளுக்கு அந்த வெள்ளைப் படைதான் ஆரம்பம்.

◆ அந்தக் கல்லின் வயது தெரியுமா? மயோசீன் காலத்தது. அந்தக் காலம் ஏறத்தாழ 2 கோடி 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அன்று இந்த இடமெல்லாம் ஆழம் குறைந்த கடல். சிப்பியும் பவளமும் படிந்து இறுகியதுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். தேசிய அரும்பொருட்சாலைகளின் பணிப்பாளராக இருந்த பீ.ஈ.பீ. தெரணியகல, இதே வட்டாரத்து அருவக்காட்டுப் பக்கத்துப் பாறையில் கிடைத்த கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தக் கல்படுகை புத்தளத்தில் தொடங்கி மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கும் வண்ணாத்திவில்லுக் கிணற்றுக்கும் உள்ள உறவு இது. கீழே சுன்னாகம் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

◆ ஊர்ப் பெயரில் உள்ள 'வில்லு' என்ன? வில்பத்துவின் 'வில்'லும் அதுதான்: மழைநீர் தேங்கும் இயற்கைக் குளம். ஆறு வந்து சேராமல், வானம் பார்த்து நிரம்பும் நீர்நிலை. வில்பத்துக் காட்டுக்குள் சில வில்லுகளில் தண்ணீர் உப்பாகவே இருக்கும். 1938 இல் தேசிய பூங்காவான அந்தக் காட்டின் தெற்கு வாசலில் கிடக்கிறது வண்ணாத்திவில்லு. ஈழத்துப் பேச்சில் வண்ணாத்திப்பூச்சி என்றால் பட்டாம்பூச்சி. ஊர்ப் பெயரின் முன்பாதிக்கு அதுதான் பொருள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நினைக்க நன்றாக இருக்கிறது.

◆ மணல் தண்ணீரை வடிகட்டும். சுண்ணாம்புக்கல் வடிகட்டாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை முடிந்தது. மழைநீர் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது; அது கல்லின் வெடிப்புகளை அரித்து அரித்து, நாளடைவில் குழாய் போன்ற வழிகளை உண்டாக்கிவிடும். மணலில் ஊரும் தண்ணீர் ஒரு முழம் போகிற நேரத்தில், இந்த வழிகளில் தண்ணீர் ஒரு வளவு தாண்டி ஓடிவிடக்கூடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி விடச் சொல்வது வழக்கம். மணல் நிலத்தில் அந்தக் கணக்கு ஓரளவு காக்கும். வெடிப்புள்ள கல்லில் 50 அடி என்பது வெறும் எண். பக்கத்து வீட்டுக் கிணறு நல்லதாக இருக்க, உங்கள் கிணறு மட்டும் கெட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் அழுக்கும் போகும்.

◆ அருவக்காட்டுக் கல் எங்கே போகிறது? ரயிலேறிப் பாலாவிக்கு, சீமெந்துத் தொழிற்சாலைக்கு. அரச கூட்டுத்தாபனமாக இருந்த காலத்திலும், பிறகு ஹோல்சிம் கைக்கு மாறிய காலத்திலும், 2016 இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்துக்குப் போய் 'இன்சீ' என்று பெயர் மாறிய பிறகும், ரயில் ஒன்றுதான், கல் ஒன்றுதான். நாட்டின் பல மாடி வீடுகளுக்குள் வண்ணாத்திவில்லு இருக்கிறது என்று சொல்லலாம். கல்லை எடுத்த இடத்தில் மிஞ்சுவது பள்ளம். பள்ளத்தைக் கண்டால் மனிதருக்குத் தோன்றும் முதல் யோசனை என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

◆ 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பு மீதொட்டமுல்லயில் குப்பைமலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். கொழும்புக் குப்பையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அரசாங்கம் முன்பே வரைந்து வைத்திருந்த பதில் அதன் பிறகு வேகம் பிடித்தது: களனியில் குப்பையை இறுக்கிப் பெட்டிகளில் அடைத்து, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவந்து, அருவக்காட்டில் கல் தோண்டிய பகுதியில் நிரப்புவது. நாளொன்றுக்கு 1,200 தொன் என்பது திட்டம். கட்டுமானத்தை எடுத்தது சீனத் துறைமுகப் பொறியியல் நிறுவனம். புத்தளம் கறுப்புக்கொடி கட்டியது. 2018 இலும் 2019 இலும் கடையடைப்பும் சத்தியாக்கிரகமும் ஊர்வலமும் நடந்தன. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்த போராட்டம் அது. 2019 ஓகஸ்டில் ரயிலுக்கு முன்னாலேயே லொறிகளில் குப்பை வந்து சேர்ந்தது.

தனிப்பட்ட கருத்து ஒன்று சொல்கிறேன். ஒழுங்காகக் கட்டி ஒழுங்காக நடத்தப்படும் நிரப்பிடம், திறந்த குப்பைமேட்டை விட எவ்வளவோ மேல். அதில் வாதமில்லை. வாதம் இரண்டாவது 'ஒழுங்காக'வில் இருக்கிறது. கட்டுவதற்குக் காசு ஒருமுறை வேண்டும். நடத்துவதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் வேண்டும்.

◆ குப்பை அழுகும்போது வடியும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? நம் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு, ஈரம் அதிகம். அதில் மழையும் சேர்ந்தால் ஊறி வடியும் சாற்றில் அமோனியா, உப்புகள், உலோகங்கள், பெயர் வாயில் நுழையாத இரசாயனங்கள் எல்லாம் கலந்திருக்கும். நிரப்பிடத்தின் அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போடுவது இந்தச் சாற்றைத் தடுக்கத்தான். சாற்றைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். புத்தளம் வறண்ட ஊர் என்று சொல்லித் தப்ப முடியாது. இங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சாறு சேரும் குளம் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க வேண்டிய மாதங்கள் அவை.

◆ அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீதேன். காற்றில் மீதேன் 5 வீதத்துக்குக் கீழே இருந்தால் தீப்பற்றாது. 15 வீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது. இடைப்பட்ட அளவில் ஒரு பொறி போதும். 2019 ஒக்டோபரில் அருவக்காட்டு வளாகத்தில் வெடிப்பு நடந்தபோது, தேங்கிய வாயுதான் காரணம் என்று பேசப்பட்டது.

◆ அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. பொலித்தீன் பையில் ஒட்டிய சோற்று வாசம் யானைக்குப் போதும், பையோடு விழுங்கிவிடும். வண்ணாத்திவில்லில் யானைக்குக் காடு எது, ஊர் எது என்று எல்லை போட்டவர் யாருமில்லை. அடிபட்டோ நோயுற்றோ கிடக்கும் யானையைக் கண்டால் 1992. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண்.

◆ கலா ஓயா 148 கிலோமீற்றர் ஓடிவந்து, கங்கேவாடியில் புத்தளம் களப்பைத் தொடுகிறது. வழியில் தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய கலா வாவி. அதற்குக் கீழே ஆயிரமாயிரம் ஏக்கர் வயல். அந்த வயல்களில் தெளித்ததில் மிஞ்சியதும் ஆற்றோடு வரும். முகத்துவாரத்தில் நிற்கும் கண்டல் காடு நாட்டின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று. வேர்களுக்கிடையில் வண்டல் படியும். வண்டலோடு ஒட்டி வந்ததும் படியும். இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அந்த வேர்களுக்கிடையில்தான். மரத்தை வெட்டி இறால் பண்ணை போட்ட கதை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990களில் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது மரமும் இல்லை, இறாலும் இல்லை.

◆ களப்புக்கு அப்பால் புகைபோக்கி தெரிகிறதல்லவா? நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம். 300 மெகாவொட் வீதம் மூன்று அலகுகள்; முதலாவது 2011 இலும் கடைசி 2014 இலும் ஓடத் தொடங்கின. ஆண்டுக்கு 20 லட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் சாம்பல் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 2 லட்சம் தொன். பறக்கும் சாம்பலில் பெரும்பகுதியைச் சீமெந்துக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். மிஞ்சுவது முற்றத்தில் குவியும். தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. எனவே அதற்கு முன்பே கரியை மலையாகக் குவித்து வைத்துவிடுவார்கள். காற்றோ மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். கரிக்குவியல் உயர்ந்திருப்பதும் காற்று உரப்பதும் ஒரே பருவத்தில் என்பது இயற்கை செய்த குசும்பு. காயப்போட்ட துணியில் கறுப்புப் பொடி ஒட்டினால் திகதியைக் குறித்து வையுங்கள். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

◆ ஆலை இல்லாமலும் கிணறு கெடும். கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் மணலில் விளைகின்றன. மணல் உரத்தைப் பிடித்து வைக்காது. போட்ட யூரியா தண்ணீரோடு இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கற்பிட்டிக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. பெரியவர்களுக்குத் தெரியாது. பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து: இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

◆ 'கொதிக்க வைத்துக் குடி' என்பது நம் அம்மாமார் சொல்லும் சர்வ நிவாரணி. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்கும் புளோரைட்டுக்கும் உப்புக்கும் அது தலைகீழ். தண்ணீர் ஆவியாகப் போகும், இவை போகாது. அரை மணி நேரம் கொதித்த தண்ணீரில் இவற்றின் செறிவு கூடியிருக்கும். கேத்தல் கொதித்ததும் இறக்கிவிடுங்கள்.

◆ பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு 'பாருங்க, நம்பர் எவ்வளவு குறைவு' என்று காட்டி ஆர்.ஓ. இயந்திரம் விற்கிறார்கள். அந்த டீ.டீ.எஸ். பேனா அளப்பது மொத்தத்தில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மட்டும். பூச்சிமருந்து, எண்ணெய், கிருமி இவற்றை அதற்குத் தெரியாது. கெட்ட கிணறு ஒன்று நல்ல நம்பர் காட்டும். கேத்தலில் படை படியும் நல்ல கிணறு கெட்ட நம்பர் காட்டும். வடமத்திய மாகாணத்தில் பரவி, புத்தளம் மாவட்டத்தின் சில பகுதிகளையும் தொட்ட சிறுநீரக நோய்க்குக் கடினநீரும் புளோரைட்டும் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்தப் பயத்தில்தான் இந்தப் பேனா விலைபோகிறது.

◆ இப்போது சுன்னாகம். அங்கே மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. அதே மயோசீன் கல், அதே வெடிப்பு. 2015 இல் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது: மின்நிலையத்தை நடத்திய நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டோரில் ஆகக்கூடியது 500 பேருக்கு, ஆளுக்கு 40,000 ரூபா வரை. கிணறு இறைத்துச் சுத்தம் செய்யும் செலவுக்குக் கூடப் போதுமா என்று கேட்டால் பதில் சிரமம். ஆனால் வழக்கு நின்றது எதன் மேல்? ஆய்வுக்கூடத் தாள்களின் மேல். இந்தக் கிணற்றில், இந்தத் திகதியில், இவ்வளவு எண்ணெய். ஊரார் கண்ணீர் தனியாக நின்று வழக்கை வென்றிருக்காது.

◆ அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாத அவகாசம்தான் உண்டு. மீறல் நடந்த நாளிலிருந்து. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பொதுத் தொல்லைக்கு இன்னொரு குறுக்குவழி: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், பிரிவு 98. நீதவான் தொல்லையை அகற்றச் சொல்லிக் கட்டளையிடலாம். கோழிப்பண்ணை நாற்றத்திலிருந்து கழிவுநீர் வாய்க்கால் வரை இது பயன்பட்டிருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைத் தேடலாம்.

◆ சுற்றாடல் முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது? மற்ற மாகாணத்தார் 1981 இல் தொடங்கிய மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் போவார்கள். வடமேல் மாகாணத்துக்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு: 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க மாகாணச் சுற்றாடல் நியதிச்சட்டமும் அதன் கீழ் சொந்தச் சுற்றாடல் அதிகார சபையும் உண்டு. அலுவலகம் குருநாகலில். புத்தளம் வடமேல் மாகாணம் என்பதால் முதல் கடிதம் அங்கே, பிரதி கொழும்புக்கு. இரண்டு வாசல் இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு: 'அது அவங்க வேலை' என்று ஒன்று மற்றதைக் காட்டும். எனவே ஒரே நாளில் இரண்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

◆ குப்பை எரிக்கும் புகைக்கும் சட்டம் இருக்கிறது. திறந்தவெளியில் பிளாஸ்டிக் உட்படக் குப்பையை எரிப்பது 2017 வர்த்தமானியில் தடை செய்யப்பட்டது. சோற்றுத்தாளும் றெஜிபோம் பெட்டியும் தடையான அதே வேளை. சோற்றுத்தாள் இன்னும் கடையில் தொங்குவதைப் பார்த்தால் எரிப்புத் தடையின் கதியும் விளங்கும்.

◆ 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. புத்தளம் மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. பருப்பளவு வெள்ளை மணி. இன்றும் மணலைக் கிளறினால் கையில் தட்டுப்படலாம். 2025 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. மணியைக் கையால் பொறுக்க வேண்டாம். பிள்ளைகளை விளையாட விட வேண்டாம்.

◆ தொலைபேசியில் பதிந்து வைக்க வேண்டியவை: தண்ணீர்ச் சபைக்கு 1939. விவசாயத் திணைக்களத்துக்கு 1920. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அம்புலன்ஸுக்கு 1990. யாராவது பூச்சிமருந்து குடித்தோ முகர்ந்தோ மயங்கினால், தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையம் 011 2686143. போத்தலின் பெயரை வாசித்துச் சொல்லுங்கள்; வாந்தி எடுக்க வைக்கும் நாட்டு வைத்தியம் வேண்டாம்.

◆ தகவலறியும் சட்டம், 2016 இன் 12ஆம் இலக்கம். படிவம் கட்டாயமில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். அதிகம் பேசப்படாதது பிரிவு 9: வெளிநாட்டு நிதி ஒரு லட்சம் டொலருக்கோ உள்நாட்டு நிதி ஐந்து லட்சம் ரூபாவுக்கோ மேற்பட்ட திட்டமானால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே விபரத்தை வெளியிட வேண்டும். கேள்வியை நீட்ட வேண்டாம். 'குப்பை என்ன ஆகிறது' என்று கேட்டால் மூன்று பக்கத்துக்கு ஒன்றுமில்லாத பதில் வரும். 'நிரப்பிடத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகள் எத்தனை. கடந்த பன்னிரண்டு மாதப் பரிசோதனை அறிக்கைகளின் பிரதி தருக' என்று கேளுங்கள். இருந்தால் தர வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதுவும் ஓர் ஆவணம்தான்.

◆ கடைசியாகக் கிணறு. பரிசோதனை செய்வது எப்போது? 'கெட்ட பிறகு' என்பதுதான் எல்லார் பதிலும். அப்போது கையில் இருப்பது ஒரே தாள். 'உங்கள் கிணறு எப்போதும் இப்படித்தான்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். சுண்ணாம்பு நிலத்தில் அந்த வாதம் எளிதில் எடுபடும், ஏனென்றால் கடினமும் உப்பும் இங்கே இயல்பு. ஆகவே நன்றாக இருக்கும்போதே ஒரு தாள் வேண்டும். ஊருக்குப் பத்துக் கிணறு தெரிந்தெடுத்து, செலவைப் பங்கிட்டுக்கொண்டால் பெரிய பாரமில்லை. மழைக்கு முன் செப்டெம்பரில் ஒருமுறை, மழை விட்டு ஜனவரியில் ஒருமுறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஐயாவிடம் சொல்லி, தண்ணீர்ச் சபை ஆய்வுக்கூடத்தில் போத்தல் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தல்தான் வேண்டும், உள்ளே விரல் படக் கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். இரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசினால் போதும். குழாய்க்கிணறானால் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். போத்தலில் ஒட்டும் துண்டில் எழுத வேண்டியது: யார் வளவுக் கிணறு, எத்தனை அடி ஆழம், திகதி, நேரம், முதல் நாள் மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம். துணியில் கறுப்புப் பொடி ஒட்டிய திகதியைக் குறிக்கச் சொன்னேனே, அதுவும் இதே போல ஓர் ஆவணம் என்பதால்தான்; அதைக் குறித்த கொப்பியிலேயே இதையும் எழுதி வையுங்கள்.